சுவர்த் துப்பாக்கியும் உண்மைச் சம்பவமும்

"கத நல்லா இருக்குல்ல, அப்புறம் துப்பாக்கி அசலா போலியான்னு எதுக்கு ஆராய்ச்சி?"

தோட்டத்து வாழ்க்கையை எழுதுகிற இளம் எழுத்தாளர்கள் கூடும் இடங்களில் இந்தக் கேள்வியை ஏதாவதொரு வடிவில் கேட்டுவிடுகிறேன். கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்பார். சுற்றியிருப்பவர்களும் சிரிப்பார்கள். ஆராய்ச்சி என்ற சொல்லை நாம் கிண்டலுக்கென்றே ஒதுக்கிவைத்து வெகுநாளாகிறது. எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று இங்கே எழுதுகிறேன்.

விவகாரம் இதுதான். கேமரன் மலையில், தானா ராத்தாவைத் தாண்டி பிரிஞ்சாங் போகிற வழியில் ஒரு தங்கும் விடுதி. பெயர் வேண்டாம், அந்த மலையில் அதேபோல் இன்னும் சில இருக்கின்றன. அதன் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு துப்பாக்கி தொங்குகிறது. விசைக்குக் கீழே வளையம் வளையமாக ஒரு கைப்பிடி இருக்குமே, அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும், அந்த வகை. லீவர் ஆக்‌ஷன். டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்குப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. அடியில் ஆங்கிலத்தில் ஒரு பலகை: இம்மலையின் முதல் தேயிலைத் துரைமார்கள் புலி வேட்டைக்கும், பின்னாளில் கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகளை எதிர்க்கவும் பயன்படுத்திய அசல் வின்செஸ்டர், 1873.

சென்ற ஆண்டு அதே துப்பாக்கி ஒரு தமிழ்ச் சிறுகதைக்குள் வந்தது. துரையின் பங்களாவில் வேலை செய்யும் தாத்தா, இரவில் லயத்தைத் தாக்க வந்தவர்களை அந்த வின்செஸ்டரால் விரட்டுகிறார். லீவரை இழுக்கும் 'கிளிக்' சத்தம் கதையில் மூன்று இடங்களில் வருகிறது. மொழி நன்றாக இருந்தது, பாட்டியின் பாத்திரம் இன்னும் நன்றாக இருந்தது. அதில் எனக்குக் குறை எதுவுமில்லை. கதையின் முடிவில் சாய்வெழுத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள்: 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது.' என் சண்டை அந்த ஒரு வரியோடுதான்.

முதலில் துப்பாக்கியைப் பார்த்துவிடுவோம்.

ஈப்போவில் ஒரு சீனரின் பழம்பொருள் கடையில் நான்கு ஆண்டுகள் கணக்கெழுதினேன். அங்கே துப்பாக்கி விற்றதில்லை, இந்த நாட்டில் அது நடக்கிற காரியமும் இல்லை. விற்றதெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கு, சுவர்க் கடிகாரம், பித்தளைத் தராசு, கொப்பித்தியாம் நாற்காலி. ஆனால் முதலாளிக்குத் துப்பாக்கிப் பித்து. மேசைக்கடியில் அமெரிக்க ஏல நிறுவனங்களின் பட்டியல் புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பார். மழை பெய்து ஆள் வராத மத்தியானங்களில் அவற்றைப் பிரித்து எனக்குப் பாடம் எடுப்பார். கடையில் சாமான் விற்க வருகிறவன் கதையை ஆரம்பித்ததும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். "செரித்தா கேட்டுக்கிட்டே இரு, கை மட்டும் சாமான் மேல இருக்கட்டும்" என்று எனக்கு மலாயில் சொல்வார். கதை எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு விலையைக் குறைப்பது அவர் வழக்கம்.

அவர் கற்றுத் தந்த கண்ணால் அந்தச் சுவரைப் பார்த்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. வின்செஸ்டர் 1866இல் கொண்டுவந்த துப்பாக்கியின் உடல் பித்தளை நிறக் கலவை. மஞ்சள் நிறத்தால் அதற்கு 'மஞ்சள் பையன்' என்றே பட்டப்பெயர். 1873இல் வந்ததன் முக்கிய மாற்றமே உடலை இரும்புக்கு மாற்றியது. சுவரில் தொங்குவதோ பளபளவென்று மஞ்சளாக இருக்கிறது, பலகையோ 1873 என்கிறது. இரண்டில் ஒன்று பொய். பக்கத்தில் போய்ப் பார்த்தால் இரண்டுமே பொய். திருகாணிகள் திருகாணிகளே அல்ல, உடலோடு சேர்த்து வார்த்த புடைப்புகள். விளிம்பு நெடுக அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு ஓடுகிறது. வரிசை எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஸ்பெயினில் இப்படிப்பட்ட அலங்காரப் பிரதிகளை ஆயிரக்கணக்கில் செய்து உலகமெங்கும் விற்கிறார்கள், துத்தநாகக் கலவையில் வார்த்தவை. காந்தம் வைத்தால் ஒட்டாது. நான் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

இதற்குக் காந்தம்கூட வேண்டியதில்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டில் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய சட்டமும் அமலில் இருக்கிற நாடு இது. சுடக்கூடிய துப்பாக்கி ஒன்றை இரண்டு ஆணியில் மாட்டி, அதற்குக் கீழே ஸ்ட்ராபெரி ஜாமும் ஸ்கோனும் பரிமாற இங்கே யாருக்கும் துணிச்சல் வராது. அது அங்கே தொங்குகிறது என்பதே அது பொம்மை என்பதற்குச் சாட்சி.

தேதியையும் பாருங்கள். வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தை அளக்க வந்தது 1885இல். அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் காடு காடாகவே கிடந்தது. ஜே. ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். பாரத் தோட்டம் 1933இல். அதாவது இந்த மலையின் 'முதல் தேயிலைத் துரை' இங்கே வந்து சேர்ந்தபோது 1873 மாடலைத் தொழிற்சாலையே செய்வதை நிறுத்திவிட்டிருந்தது. அரை நூற்றாண்டுப் பழைய அமெரிக்க மாட்டுக்காரத் துப்பாக்கியை, கைத்துப்பாக்கித் தோட்டா அளவுக்கு மட்டுமே வலுவுள்ள ஒன்றை, புலி வேட்டைக்கென்று கப்பலேற்றிக் கொண்டுவரும் துரை முட்டாளாகத்தான் இருக்கவேண்டும். துரைமார்களைப் பற்றி எனக்கு ஆயிரம் குறைகள் உண்டு. வேட்டை விஷயத்தில் அவர்களை முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லவேண்டும். லீவர் துப்பாக்கிகள் பிரிட்டிஷ்காரர் கைக்கு வந்ததே இல்லை என்றில்லை. முதல் உலகப் போரில் ரைபிள் பற்றாக்குறை வந்தபோது பிரிட்டிஷ் கடற்படை வின்செஸ்டர் 1892, 1894 வகைகளை வாங்கியது. அப்படி வாங்கியவற்றில் அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்பு முத்திரை குத்தியிருக்கும். நாளைக்கே ஒருவர் இந்த மலையில் லீவர் துப்பாக்கி ஒன்று கிடைத்தது என்றால் நான் முதலில் தேடுவது அந்த அம்பைத்தான். கிடைத்தால் வாயை மூடிக்கொண்டு கேட்பேன்.

இப்போது சேகரிப்பாளர்களைப் பற்றி. நம் எழுத்தாளர்கள் இவர்களிடம் ஒரு மாதம் வேலை பழகினால் நல்லது என்று நினைக்கிறேன், அவர்களுடைய பேராசையை மட்டும் விட்டுவிட்டு.

ஒரு வின்செஸ்டர் மேசைக்கு வந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது மரமும் இரும்பும் சேருகிற விளிம்பை. தொழிற்சாலையில் கட்டையைப் பொருத்தும்போது மரம் இரும்பைவிட மயிரிழை அளவு மேலே நிற்கும்படி விடுவார்கள். பிற்காலத்தில் யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கியிருந்தால் மரம் இரும்பின் மட்டத்துக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். விரல் நகத்தை அந்த விளிம்பில் ஓட்டினால் போதும், நூறாண்டுக் கதை ஒரு நொடியில் தெரிந்துவிடும். அடுத்தது குழலின் மேல் பொறித்த எழுத்துகள். கூர்மையாக இருக்கிறதா, சோப்பில் எழுதியதுபோல் மழுங்கியிருக்கிறதா? மெருகுச் சக்கரத்தில் பிடித்துப் புது நீலம் ஏற்றியவர்கள் எழுத்தின் ஓரத்தைத் தின்றிருப்பார்கள். திருகாணித் துளையைச் சுற்றிச் சிறு பள்ளம் விழுந்திருக்கும். எட்டுப் பட்டைக் குழலின் முனைகள் உருண்டிருக்கும். திருகாணித் தலையின் காடி சிதைந்திருந்தால் பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே போய் வந்திருக்கிறான் என்று அர்த்தம். போனவன் என்ன மாற்றினான் என்று தேடத் தொடங்குவார்கள்.

பிறகு தேய்மானம். இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தேய்மானத்துக்கு ஒரு கை வேண்டும் என்பார் முதலாளி. குதிரைச் சேணத்து உறையில் வைத்துச் சுமந்த துப்பாக்கி என்றால் தேய்மானம் ஒரு பக்கத்தில் கூடுதலாக இருக்கவேண்டும். கையில் தூக்கி நடந்தது என்றால் உடலின் அடிப்பாகத்தில், எடை சமமாகிற இடத்தில், நீலம் போய்ச் சாம்பல் நிறம் வந்திருக்கவேண்டும். எங்கும் ஒரே சீராகப் பழசாக இருந்தால் அது அமிலத்தில் பழசாக்கியது. எனக்கு அப்போதெல்லாம் அம்மாவின் தேயிலைக் கத்தரி நினைவுக்கு வரும். அதன் வலது பிடியில் கட்டைவிரல் படும் இடம் மட்டும் கறுத்துக் குழிந்து கிடக்கும். அந்தக் குழியை யாராலும் போலியாகச் செய்யமுடியாது. செய்கிறவனுக்கு அம்மாவுக்கு இருந்த விரல்வலி தெரிந்திருக்கவேண்டும், வலி வந்த பிறகு அவர் பிடியை மாற்றிப் பிடித்ததும் தெரிந்திருக்கவேண்டும்.

கடைசியாகத்தான் காகிதம். வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளில் மிஞ்சியவை இப்போது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால், அந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்த நாளில் கிடங்கை விட்டுப் போனது, குழல் உருண்டையா எட்டுப் பட்டையா, எந்த அளவுத் தோட்டா என்று கடிதம் எழுதித் தருவார்கள். எல்லா மாடலுக்கும் எல்லா எண்ணுக்கும் பதிவு மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றிலும் கடிதம் சொல்வது தொழிற்சாலையை விட்டுப் போன பொருளைப் பற்றி மட்டுமே, உங்கள் கையில் இருப்பது அந்தப் பொருள்தான் என்று அது சொல்லாது. விலை கூடிய அமைப்போடு போன ஓர் எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணுள்ள சாதாரணத் துப்பாக்கிக்கு அந்த அமைப்பைப் பிற்பாடு செய்து சேர்க்கிற கில்லாடிகளும் உண்டு. ஆகவே காகிதத்தைப் பொருளாலும், பொருளைக் காகிதத்தாலும், இரண்டையும் நாட்காட்டியாலும் சரிபார்க்கிறார்கள். ஒரு பழைய இரும்புக்கு இத்தனை மரியாதை.

இந்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கையாவது நாம் நம் தாத்தாக்களின் வாழ்க்கைக்குக் கொடுத்திருக்கிறோமா?

சேகரிப்பாளர்களின் கட்சியில் நான் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். அவர்களுடைய 'அசல்' என்ற சொல்லில் எனக்குப் பெரிய சங்கடம் இருக்கிறது. அவர்களுக்கு அசல் என்றால் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே, யார் கையும் படாமல், யாரும் பழுதுபார்க்காமல் இருப்பது. அதாவது வாழாமல் இருப்பது. உடைந்த கட்டையைச் செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டி இன்னும் இருபது வருஷம் பயன்படுத்தினான் ஒருவன் என்றால் அந்தத் துப்பாக்கியின் விலை விழுந்துவிடும். என் கண்ணுக்கு அந்தக் கம்பிதான் அந்தத் துப்பாக்கியிலேயே படிக்கத் தகுந்த பகுதி. இந்தக் கணக்கை நம் மேல் பிரயோகித்தால் நாம் ஒருவரும் தேறமாட்டோம். தஞ்சாவூரிலும் சேலத்திலும் செய்து மலாயாவில் பழுதுபார்த்த ஜனங்கள் நாம்.

லீவர் துப்பாக்கியிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் 1871இல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி ஹென்றி. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா, பிடிக்குக் கீழே நீளமான லீவர். இதைப் பார்த்து இந்தியாவின் வடமேற்கு எல்லையில் கைபர் கணவாய்ப் பக்கத்துக் கருமான்கள் தங்கள் பட்டறைகளில் அப்படியே செய்தார்கள். முத்திரையையும் சேர்த்துச் செய்தார்கள். ஆங்கிலம் தெரியாத கை பொறித்ததால் என்ஃபீல்ட் என்ற பெயரில் 'என்' எழுத்து இடவலம் மாறிக் கிடக்கும். விக்டோரியா ராணியின் கிரீடமும் எழுத்துகளும் இருக்கும், பக்கத்தில் அவர் இறந்து பல வருஷம் கழிந்த ஒரு தேதி இருக்கும். ராணி 1901 ஜனவரியில் காலமானார் என்ற செய்தி பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, அச்சை மாற்ற அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. எங்கள் காலத்தில் ஆப்கானிஸ்தானுக்குப் போன அமெரிக்க, பிரிட்டிஷ் சிப்பாய்கள் இவற்றை விக்டோரியா காலத்து நினைவுப்பொருள் என்று நம்பி நிறைய வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

அந்தத் துப்பாக்கி போலியா? 'இங்கிலாந்தில் என்ஃபீல்ட் ஆலையில் செய்தது' என்று சொல்லி விற்றால் போலி. 'கைபர் பக்கத்துப் பட்டறையில் ஒரு கருமான் அரம் கொண்டு ராவிச் செய்தது' என்று சொல்லி நீட்டினால் அதைவிட அசலான பொருள் இல்லை. இரும்பு ஒன்றுதான், மரமும் ஒன்றுதான், மாறுவது நாம் அதைப் பற்றிச் சொல்கிற வாக்கியம். அசலும் போலியும் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. கேமரன் மலை விடுதியில் தொங்கும் துத்தநாகத்தின் மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை, அது ஸ்பெயினிலிருந்து வந்த நல்ல பொம்மை. கோபம் பலகையின் மேல். அந்தச் சிறுகதை மேலும் எனக்குக் கோபம் இல்லை. கோபம் கடைசி வரியின் மேல்.

நண்பர்கள் கேட்கலாம்: ஒரு விடுதிக்காரன் வியாபாரத்துக்கு ஏதோ எழுதி மாட்டினான், ஒரு பையன் ஆசையில் ஒரு வரி போட்டான், இதனால் யாருக்கு நஷ்டம்?

நஷ்டத்தைச் சொல்கிறேன். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டொரு நாளில் நாடு முழுக்க அவசரகாலம். துரைமார்கள் ஆயுதம் கேட்டார்கள், அரசாங்கம் கொடுத்தது. பங்களாவைச் சுற்றி முள்கம்பியும் மணல்மூட்டையும் வந்தன. தோட்டங்களைக் காக்க ஸ்பெசல் கான்ஸ்டபிள்கள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டார்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள், சில இடங்களில் நம்மவர்களும். அதே அவசரகாலச் சட்டம், அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்றது. பான் மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்ததாக வழக்கு. இந்திய அரசாங்கம் கருணை கேட்டுப் பார்த்தது. 1949 மே 4 அன்று புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இந்தப் பின்னணியில் அந்தச் சிறுகதையை மறுபடி படித்துப் பாருங்கள். பங்களாவில் வேலை செய்யும் தமிழன் ஒருவன், அவசரகாலத்தில், துரையின் சொந்தத் துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுத்து இரவில் சுடுகிறான், காலையில் துரை அவன் தோளில் தட்டிக் கொடுக்கிறார். கதையில் இது ஒரு வீரச் செயல். அந்தக் காலத்தில் இது அவன் கழுத்தைக் கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிற காரியம். கதாசிரியருக்கு இது தெரிந்திருந்தால் அந்த இரவு எப்படி எழுதப்பட்டிருக்கும்! துப்பாக்கியை எடுக்கிற கையில் இரண்டு பயம் இருந்திருக்கும், வெளியே நிற்பவர்களைப் பற்றி ஒன்று, விடிந்தபின் வரப்போகிறவர்களைப் பற்றி ஒன்று. மாட்டுக்காரப் படத்துத் துப்பாக்கி உள்ளே வந்ததும் மாட்டுக்காரப் படத்துச் சட்டமும் கூடவே வந்துவிட்டது. அங்கே சுடத் தெரிந்தவன் நல்லவன், சுட்டபின் கேள்வி கிடையாது. 1972இல் ஜெய்சங்கர் குதிரையேறி வந்த 'கங்கா'வில் அது அழகுதான். தாப்பா ரோட்டில் அது நடந்திருக்க முடியாது. ஒரு பொய்யான பொருள் ஒரு பொய்யான உலகத்தையே முதுகில் சுமந்துகொண்டு உள்ளே வருகிறது. இதுதான் நஷ்டம்.

இரண்டாவது நஷ்டம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. இந்த நாட்டில் அடையாள அட்டை வந்ததே அந்த அவசரகாலத்தில்தான், 1948இல், காட்டுக்குள் இருப்பவனையும் வெளியே இருப்பவனையும் பிரித்தறிய. துரைக்குத் துப்பாக்கி கொடுத்த அதே ஆண்டில் நமக்குப் புகைப்படம் ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்தும் தோட்டத்தில் பிறந்த பாட்டிகள் சிவப்பு அட்டையோடு முகப்பின் முன்னால் நிற்கிறார்கள். என் பாட்டியோடு நானும் நின்றிருக்கிறேன். பிறப்புப் பத்திரத்தின் அசல் எங்கே என்று கேட்டார்கள். லயத்தில் பிறந்தார், மருத்துவச்சி செத்துப்போய்விட்டார், கிராணி எழுதிய புத்தகம் கரையானுக்குப் போனது. "அசல் இல்லாட்டி ஒன்னும் செய்ய முடியாது" என்ற வாக்கியத்தை மூன்று வேறு வேறு வருஷங்களில் மூன்று வேறு வேறு ஆட்கள் சொன்னார்கள். பாட்டி பேசாமல் கையை விரித்துக் காட்டினார். தேயிலைக் கறை ஏறிய அந்த விரல்களைவிட அசலான பத்திரம் இல்லைதான், ஆனால் அதை வாங்கி முத்திரை குத்த முகப்பில் வழியில்லை.

ஆக, இந்த மலையில் அசலைக் கேட்பது யாரிடம், கேட்காமல் விடுவது யாரிடம் என்று பாருங்கள். துரையின் துப்பாக்கி என்றால் ஒரு பலகை போதும். பாட்டியின் பிறப்பு என்றால் எதுவும் போதாது. இந்த அநியாயத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு தமிழ் எழுத்தாளன் "அசலா போலியான்னு என்ன ஆராய்ச்சி" என்று சிரித்தால் அவன் யாருக்கு உதவுகிறான்? உண்மைச் சம்பவம் என்று நாம் எழுதுகிற பத்தில் ஒன்பது சினிமாவிலிருந்து வந்தது என்று ஆகிவிட்டால், பத்தாவதாக ஒருவர் நிஜமான சம்பளச் சீட்டோடு வரும்போது அதையும் கதை என்றுதான் வைத்துக்கொள்வார்கள்.

புனைவுக்குச் சுதந்திரம் வேண்டாமா என்று இங்கே ஒரு கேள்வி எழும். முழுச் சுதந்திரமும் உண்டு. கேமரன் மலையில் வின்செஸ்டர் என்ன, பீரங்கி வைத்துக்கூடக் கதை எழுதலாம். யானை பேசலாம், செத்த கங்காணி எழுந்து வரலாம். கதை தன்னைக் கதை என்று சொல்லிக்கொள்ளும்வரை அதனிடம் யாரும் வரிசை எண் கேட்கப்போவதில்லை. 'உண்மைச் சம்பவம்' என்று எழுதிய கணத்தில் நீங்கள் பலகை மாட்டிவிட்டீர்கள். பலகையை நம்பி வருகிறவனுக்குத் திருகாணியைத் தொட்டுப் பார்க்கும் உரிமை வந்துவிடுகிறது. கதையின் பலம் போதவில்லை என்ற பயத்தில்தான் பெரும்பாலும் அந்த வரி சேர்க்கப்படுகிறது என்பது என் சந்தேகம். இந்தக் கதைக்கு அந்தப் பயம் தேவைப்படவே இல்லை, பாட்டி ஒருத்தியே தாங்கியிருப்பார்.

சரி, அசலாக இங்கே திரிந்த துப்பாக்கி எது? தேடுவதற்கு அருங்காட்சியகம் போகவேண்டியதில்லை. ரிங்லெட் பக்கம் ஒரு பெரியவரை 2012இல் சந்தித்தேன். எண்பதைத் தாண்டியவர், அவசரகாலத்தில் ஸ்பெசல் கான்ஸ்டபிளாக இருந்தவர். கூட வந்த இளைஞர்கள் "எத்தன பேரச் சுட்டீங்க தாத்தா?" என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. நான் துப்பாக்கி எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

"குட்டையா இருக்கும் தம்பி. முனையில புனலு மாதிரி ஒன்னு. பக்கவாட்டுல குமிழு, அதத் தூக்கிப் பின்னால இழுக்கணும், மறுபடி தள்ளணும். சுட்டா தோள்பட்டய ஒடச்சிரும். கட்டையோட அடியில ரப்பர் வச்சிருப்பானுங்க, அந்த ரப்பரும் கல்லு மாதிரிதான்."

அவருக்குத் துப்பாக்கியின் பெயர் தெரியாது. எனக்குக் கேட்டதும் தெரிந்துவிட்டது. லீ என்ஃபீல்ட் ஐந்தாம் எண் ரைபிள், 1944க்கும் 1947க்கும் இடையில் செய்தது, ஜங்கிள் கார்பைன் என்று பிற்பாடு பேர்போனது. குழலின் முனையில் தீப்பிழம்பை மறைக்கும் கூம்பு, அடிக்கட்டையில் நாளடைவில் இறுகிப்போகும் ரப்பர், உலகம் முழுக்கச் சிப்பாய்கள் திட்டித் தீர்த்த அந்த உதை, எல்லாம் அவர் வாயிலிருந்து அப்படியே வந்தன. அதற்கும் அமெரிக்காவில் போலிகள் உண்டு, நீளமான நான்காம் எண் ரைபிளை வெட்டிக் கூம்பு மாட்டி விற்றார்கள். அசலில் கட்டைக்குள் மறைந்திருக்கும் குழலின் அடிப்பகுதியில் எடை குறைப்பதற்காக இரும்பைக் கடைந்து எடுத்திருப்பார்கள். வெட்டி ஒட்டுகிறவன் அங்கே கைவைக்கச் சிரமப்படுவதில்லை, வெளியே தெரியாதல்லவா. பெரியவர் சொன்னதும் அதுபோல வெளியே தெரியாத இடத்து விவரம்தான். எந்தப் படத்திலும் ரப்பர் உறுத்தியதைக் காட்டமாட்டார்கள்.

லீவர் என்ற பேச்சே அவர் சொன்னதில் எங்கும் வரவில்லை. இளைஞர்களில் ஒருவர் மெதுவாக என்னிடம், "இதுல கத எங்கண்ணே இருக்கு?" என்றார். அதற்குள் பெரியவர் தோட்டாவுக்கு வந்துவிட்டிருந்தார். அஞ்சு அஞ்சாகத் தகட்டில் கோத்துக் கொடுப்பார்களாம், அதை மேலே வைத்து விரலால் உள்ளே அழுத்தவேண்டுமாம். காவல் முடிந்து திரும்பும்போது ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்கவேண்டும். ஒரு நாள் அவர் கணக்கில் ஒன்று குறைந்தது. எங்கோ புதரில் விழுந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக லயத்தை வளைத்து, அரிசிச் சட்டி, சாமிப் படத்துக்குப் பின்பக்கம், பிள்ளைத்தாய்ச்சியின் பாய் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுத் தேடினார்கள். மறுநாள் காலையில் அவரே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் முழங்காலில் தவழ்ந்து அதைக் கண்டுபிடித்தார். சேறு படிந்திருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினாராம்.

"எங்கம்மா அதுக்கப்புறம் ஒரு மாசம் எங்கூடப் பேசல" என்றார்.